தர அறிக்கையின் பின்பக்கம்

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு கெட்டிலால். அதற்கு முன் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்திருந்தாள். வாரியத்துக்குள் 'லேப் மேடம்' என்று கூப்பிட்டார்கள். வாரியத்துக்கு வெளியே யாரும் எப்படியும் கூப்பிடவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மூடினால் நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

மாதம் ஒருமுறை, விதிப்படி, ஊரில் எல்லா வீட்டுக்கும் ஓர் அரைத் தாள் போக வேண்டும். தர அறிக்கை என்று பெயர். கடினத்தன்மை, குளோரின், கலங்கல், இரும்பு என்று பதினான்கு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். எண்கள் எல்லாம் அவளுடையவை. மீட்டர் பார்க்க வருகிறவர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். பின்பக்கம் வெள்ளை.

அந்தத் தாளின் கதி என்னவென்று அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கணவனின் அண்ணன் குடும்பம் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அண்ணனின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். சட்டைக்கு ஒரு பட்டன் கேட்கப் போனவள், சுவரில் ஆணியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த காகித வெட்டுகளைப் பார்த்தாள். வளைந்து, முனை கூர்ந்து, கத்தையாகத் தொங்கின. ஒன்றைத் தொட்டுத் திருப்பினாள். 'கடினத்தன்மை 18' என்று இருந்தது. மூன்றாவது இலக்கத்தைக் கத்தரி கொண்டுபோயிருந்தது.

"அக்கா, இது என்ன?"

"காலர் வெட்டுற அளவு. பதிமூணரை சைஸ்."

"இது எங்க ஆபீஸ் பேப்பர்."

"ஆமாண்டி. நல்ல கெட்டிப் பேப்பர். மடிப்பு விழாது. மாசாமாசம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லி வச்சிருக்கேன், தூக்கிப் போட்டுடாதீங்கன்னு."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கீங்களா?"

அக்கா மிஷினை நிறுத்தாமலேயே திரும்பிப் பார்த்தாள். "எழுதி வேற இருக்கா?"

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது. விக்கல் எடுக்கும் வரை சிரித்தாள். பதினைந்து வருடத்து எண்கள் ஊர்ப் பிள்ளைகளின் கழுத்தைச் சுற்றி நின்றுகொண்டிருக்கின்றன. வீணாகப் போகவில்லை என்றுகூட ஒரு கணக்குக்குச் சொல்லலாம். விக்கல் நின்றதும் கேட்டாள்.

"சரி. என்ன எழுதினா படிப்பீங்க?"

"என் கெட்டில்ல வெள்ளையா படியுது பாரு, கத்தி வச்சுச் சுரண்டினாலும் போக மாட்டேங்குது. அது என்ன எழவுன்னு எழுது. படிக்கிறேன்."

மேலாளரிடம் போய்ப் பின்பக்கத்தைக் கேட்டாள். அவர் பயந்த சுபாவம். அவருடைய மேசையில் ஃபைல்கள்கூடச் சத்தமில்லாமல்தான் இருக்கும். "வெள்ளைப் பக்கம் யாரையும் தொந்தரவு பண்ணாது மேடம்" என்றார். ஆனால் அந்த வாரம் அவர் மகள் பரீட்சையில் தேறியிருந்தாள். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

முதலில் எழுதியதை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அக்கா ஒரு கால்சட்டையின் பக்கவாட்டுத் தையலில் இருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படித்தாள்: "நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் வெப்பத்தால் சிதைவுற்று…" கடகடகட. "…கரையாத கால்சியம் கார்பனேட்டாக…" கடகடகட. அக்கா தையலின் முனைக்கு வந்து, திருப்பி, மறுபக்கம் போட்டு, அதையும் முடித்தாள். அவளும் படித்து முடித்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா. "ஏதோ சொல்லிக்கிட்டிருந்தியே."

மறுநாள் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வந்தாள். "உங்கள் கெட்டிலுக்குள் இருப்பது ஒரு மலையின் துண்டு. நம் ஆறு வரும் வழியில் சுண்ணாம்புப் பாறைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றை உரசிக்கொண்டே வருகிறது. வரும்போது கொஞ்சத்தைக் கரைத்து மடியில் ஒளித்துக்கொள்கிறது. ஒளித்ததை எங்கே கீழே வைக்கிறது தெரியுமா? சூடு பட்ட இடத்தில்."

மிஷின் நின்றது.

"மலையா? என் கெட்டில்லயா?"

அன்றிலிருந்து அதுதான் அவள் வேலை செய்யும் முறை. அக்கா தைத்துக்கொண்டிருக்கும்போது படிப்பாள். மிஷின் ஓடினால் அந்த வாக்கியம் போக வேண்டியது. மிஷின் தயங்கினால் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அர்த்தம். மிஷின் நின்றால் வைத்துக்கொள்ளலாம். நின்றபின் அக்கா ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியும் குறிப்புக்குள் போய்விடும். 'அப்ப அதை எப்படி எடுக்கிறது?' என்று அன்றைக்குக் கேட்டாள். கொஞ்சம் வினிகர் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் மலை நுரைத்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று கடைசி வரி வந்தது அப்படித்தான்.

அந்த வாரம் ஊரில் வினிகர் கிடைக்கவில்லை. மீட்டர் பார்க்கிறவரை வீடு வீடாக நிறுத்தி, அந்தக் கெட்டில் மேடம் யார் என்று கேட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு மாதம் என்றது ஆறு வருடமாயிற்று. வெட்டி வைத்த ஆப்பிள் ஏன் கறுக்கிறது, இரும்புக் கதவு ஏன் அடியிலிருந்து துருப்பிடிக்கிறது, மெழுகுவர்த்தி எரிந்து எங்கே போகிறது. மெழுகுவர்த்திக்கு மட்டும் மிஷின் ஐந்து தடவை நின்றது. அந்தக் காலத்தில் அக்கா காலர் அளவு வெட்டக் காக்கித் தாள் வாங்க ஆரம்பித்தாள். வாங்கும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். அச்சானதைக் கொடுத்தால் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பான்.

"எப்படிங்க இருக்கு?"

"எட்டு பாயிண்ட் எழுத்து. நாப்பது தாண்டினவங்க யாரும் படிக்க முடியாது."

"விஷயம் எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாப்பத்தொம்பது."

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் ஊதா முட்டைக்கோஸ் வந்தது.

அது அவள் ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்த ஆசை. படித்தது போதும், ஊரே ஒருநாள் ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். ஊதாக் கோஸைக் கொதிக்க வைத்த சாற்றில் வெள்ளைத் தாளை நனைத்துக் காய வைத்தால் பரிசோதனைத் தாள் தயார். டம்ளரில் இரண்டு ஸ்பூன் குழாய்த் தண்ணீர் விட்டு, தாளின் நுனியை நனைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு மாதிரிப் புளிப்பு இருந்தால் சிவப்பு. நம் ஊர்த் தண்ணீருக்கு நீலம். சோப்பு, சோடா மாதிரி இருந்தால் பச்சை. தாளைக் காய வைத்து, பின்னால் தெருப் பெயரை எழுதி, வாரியத்தின் வாசலில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். பச்சை வந்தால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

எழுதி முடித்த அன்று கீழே மிஷின் மேல் உறை போர்த்தியிருந்தது. அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்கா போய் நான்கு நாள் ஆகியிருந்தது, வர இன்னும் மூன்று வாரம் ஆகும். அச்சுக்கு மறுநாள் போக வேண்டும். கணவனிடம் கொடுத்தாள். "ஒன்பது பாயிண்ட் போட்டா நல்லது" என்றான். உறை போர்த்திய மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து ஒருமுறை உரக்கப் படித்தாள். மிஷின் நின்றுகொண்டேதான் இருந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

வாரியத்தின் வாசலில் இருப்பது புகார்ப் பெட்டி. நாலாம் நாளே நிரம்பி, பக்கத்தில் ஒரு வாளி வைக்க வேண்டியதாயிற்று. முந்நூற்று நாற்பது தாள்கள். அவள் பரிசோதனைக்கூடத்து மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, தெருத் தெருவாகப் பிரித்தாள். நீலம், நீலம், நீலம், எங்கோ ஒரு பச்சை. ஒரு சிவப்பில் 'இது எலுமிச்சை, சும்மா பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் அடுப்படியிலிருந்து வந்தது. அவளுக்கு நடனமாடவேண்டும் போல இருந்தது. ஒருமுறை ஆடவும் செய்தாள், கதவு சாத்தியிருந்தது.

பிறகு ஒரு கத்தையைப் பிரித்தாள். எல்லாம் பச்சை. எல்லாம் ஒரே தெரு. ஊரின் கடைசித் தெரு.

அதற்குள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்திருந்தது. உடனே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள் அல்லவா, சொன்னார்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கொதிக்க வைத்தால் போகுமா? மூன்று நாளில் அறுபத்து மூன்று அழைப்புகள். மேலாளரே எடுத்துப் பதில் சொன்னார், ஏனென்றால் எடுக்காமல் இருக்க அவருக்குப் பயம். தண்ணீர் மாதிரி எடுக்கிறவரை அவள் அனுப்பினாள். அவர் ஸ்கூட்டரின் முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு, கடைசித் தெருவில் மூன்று குழாயில் பிடித்து வந்தார். அமில-காரம் அளக்கும் மீட்டரில் வைத்தாள். ஊர்த் தண்ணீர் எதுவோ அதேதான். பழுதில்லை. அப்படியானால் பச்சை எங்கிருந்து வந்தது?

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"மேடம், வியாழக்கிழமை அடுத்த மாச அறிக்கை அச்சுக்குப் போகுது. பின்பக்கம் வெள்ளை."

"தண்ணில ஒண்ணும் இல்ல சார். நான் பாத்துட்டேன்."

"எனக்குத் தெரியும். தெரியாதது அந்தத் தெருவுக்குத்தான். வெள்ளைப் பக்கத்தை யாராவது படிச்சுப் பயந்திருக்காங்களா?"

"சார், ஒரே ஒரு நாள் குடுங்க. அந்தத் தெருவுக்குப் போயிட்டு வர்றேன்."

அவர் தொலைபேசியைப் பார்த்தார். அது சும்மாத்தான் இருந்தது. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது போல.

"போங்க. ஆனா அந்தத் தெருவுலேர்ந்து இன்னும் ஒரே ஒரு போன் வந்தாலும், பின்பக்கம் இந்த மாசம் மட்டுமில்ல, என்னைக்குமே வெள்ளைதான்."

வீட்டுக்கு வந்து மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடம், எழுபது குறிப்புகள். வேறு யாராவது இதைப் பெரிதாக நினைப்பார்களா என்று தெரியவில்லை. ஓர் அரைத் தாளின் முதுகு. ஆனால் அந்த முதுகில்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்பக்கத்து எண்களுக்கு அவள் வேண்டியதில்லை, வேறு யாரும் எண்ணலாம்.

கீழே கதவு திறந்தது. அக்கா வந்துவிட்டாள். பையை வைத்து, செருப்பைக் கழற்றி, கதவிடுக்கில் கிடந்த அறிக்கையை எடுத்து, நின்றபடியே திருப்பிப் படித்தாள். இன்னும் மிஷின் உறையைக்கூட எடுக்கவில்லை.

"பேத்தி எப்படி அக்கா?"

"நல்லா இருக்கா. உன் வீட்டுக்காரர் மூக்கு. இரு." படித்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, டம்ளரைக் கழுவணும்னு போடலையே."

"அது தெரிஞ்சதுதானே அக்கா. சுத்தமான டம்ளர்லதானே ஊத்துவாங்க."

"சுத்தம்னா? தேய்ச்சு வச்சதா, அலசி வச்சதா?"

அவள் படியிலிருந்து எழுந்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் எந்தக் கண்ணாடியையும் மூன்று முறை அலசாமல் அதில் ஒரு சொட்டுகூட விடமாட்டார்கள். அது மூச்சு விடுவது மாதிரி. இடையில் மூச்சு விடுங்கள் என்று யாராவது எழுதி வைப்பார்களா? பாத்திரம் தேய்க்கும் தூளில் பாதி சோடா. டம்ளரில் அது கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், இரண்டு ஸ்பூன் தண்ணீர் பச்சையாகிவிடும். பச்சையானது தண்ணீர் இல்லை, டம்ளர்.

"நான் ஊர்ல இருந்திருந்தா கேட்டிருப்பேன்ல" என்றாள் அக்கா, சந்தோஷமாக. பேத்தியைப் பற்றிச் சொன்னபோதுகூட அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை நாலு மணிக்கு மாதிரி எடுக்கிறவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கடைசித் தெருவுக்குப் போனாள். மடியில் ஒரு பாட்டில் கோஸ் சாறு, ஒரு கட்டு தாள். தெருவுக்கு அப்பால் வீடுகள் இல்லை. குழாயும் அங்கேயே முடிகிறது. வாசல்களில் குடங்களும் வாளிகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொரு குழாயிலும் பென்சில் கனத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

முதல் வீடு ஒரு போர்டு பெயிண்டருடையது. மருத்துவமனை ஒன்றுக்கான பலகை சுவரில் சாய்ந்திருந்தது. 'பிரசவ' வரை பெயிண்ட், மீதி பென்சிலில். அறுபத்து மூன்று அழைப்புகளில் பதினொன்று அவருடையவை என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"வாங்க கெட்டில் மேடம்" என்றார் அவர், தூரிகையைக் கீழே வைக்காமல். "பச்சைத் தண்ணி குடிக்கிறீங்களா?"

தெரு சிரித்தது. அதற்குள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, "குடுங்க, தாகமாத்தான் இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் ஒரு குழந்தையோடு, டம்ளர் எடுத்து வந்தாள். தூளில் தேய்த்தாள். குடத்திலிருந்து உள்ளங்கை அளவு தண்ணீர் சரித்து, ஒரே சுழற்று, ஒரே வீச்சு. வீசிய தண்ணீரும் வீணாகவில்லை, சரியாகச் செடித் தொட்டிக்குள் போய் விழுந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். இருபத்தியொரு வருடமாகக் கண்ணாடி கழுவுகிற அவளுக்கு அந்தக் கைத்திறன் கிடையாது.

"இதுதான்" என்றாள் அவள். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. டம்ளர்ல தூள் ஒட்டியிருக்கு. நான் எழுதியிருக்கணும், எழுதலை. தப்பு என்னோடது. மூணு தடவை நல்லா அலசிட்டு ஊத்திப் பாருங்க, நீலம் வரும்."

 பிறகு குழந்தை வைத்திருந்த பெண், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஏன் மேடம், உங்க லேப்ல குழாயைத் திறந்தா எவ்ளோ நேரம் தண்ணி வரும்?"

"எவ்ளோ நேரம்னா? மூடுற வரைக்கும் வரும்."

"ஓ…" என்றது தெரு. ஒரே குரலில், நீளமாக. பின்னால் யாரோ, "மூடுற வரைக்குமாம்ல" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், தித்திப்பு எதையோ வாயில் போட்டுக்கொண்ட மாதிரி.

"இங்க ஒரு மணி நேரம் வரும். நாலுலேர்ந்து அஞ்சு. அதுவும் இந்தக் கனத்துல. மூணு தடவை அலசச் சொல்றீங்க. அலசுறதுக்குத் தண்ணிய முதல்ல குடுங்க, அப்புறம் நீலமா பச்சையான்னு பாக்கலாம்."

முன்பக்கத்தில் பதினான்கு வரிசை. எத்தனை மணி நேரம் வருகிறது என்று ஒரு வரிசை இல்லை. அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. பெயிண்டர் போட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். எதையாவது சொல்ல வேண்டும். வெள்ளைப் பக்கம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, சுத்தமாக, ஒரு எழுத்தும் இல்லாமல்.

பெயிண்டர் வேலையைத் தொடர்ந்தார். நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற வேண்டும் போலிருக்கிறது. தூரிகையைக் கழுவினார். ஜன்னல் திட்டில் மூன்று சின்ன டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர். முதல் டப்பாவில் விட்டு ஆட்டி, விளிம்பில் வழித்தார். இரண்டாவதில் விட்டு ஆட்டி வழித்தார். மூன்றாவதில் விட்டார்.

அவள் முக்காலியோடு நகர்ந்து போனாள்.

"இது ஏன் மூணு?"

"வாளித் தண்ணில முக்குறதுக்கு நான் என்ன லேப்லயா இருக்கேன்?" என்றார் பெயிண்டர். "முதல் டப்பா சாக்கடை. ரெண்டாவது பரவால்ல. மூணாவதைப் பாருங்க, முகம் தெரியும். காலைல ஊத்தினது, சாயங்காலம் வரைக்கும் ஓடும். இதே தண்ணிய ஒரே டப்பால ஊத்தி வச்சா, ரெண்டு கலர் மாத்துறதுக்குள்ள எல்லாம் சேறாயிடும்."

அவள் எழுந்து நின்றாள். அவளுடைய கூடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற விஷயம். நிறையத் தண்ணீர் தேவையில்லை; கொஞ்சத்தைப் பங்கு பிரிக்க வேண்டும். மூடும் வரை வருகிற குழாய்க்குப் பக்கத்தில் இருபத்தியொரு வருடம் நின்றதில், மூன்று தடவை என்பது மட்டும் கையில் தங்கி, ஏன் என்பது போய்விட்டிருந்தது.

"ரெண்டு டம்ளர் குடுங்க" என்றாள். "ரெண்டையும் தூள் போட்டுத் தேய்ங்க. அலச வேண்டாம். அப்புறம் தண்ணி, ஒரு டம்ளருக்கு ஆறு ஸ்பூன். அதுக்கு மேல ஒரு சொட்டு கேக்க மாட்டேன்."

"ஆறு ஸ்பூனா?" என்றாள் குழந்தை வைத்திருந்த பெண். "நானே அதுக்கு மேல ஊத்துவேனே."

"தெரியும். கொஞ்சம் கஞ்சத்தனமா இருங்க, எனக்காக."

முதல் டம்ளரில் ஆறு ஸ்பூனையும் ஒன்றாக விட்டு, சுழற்றிக் கொட்டினாள். இரண்டாவதில் இரண்டு ஸ்பூன் விட்டுச் சுழற்றிக் கொட்டினாள். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. தெரு சேர்ந்து எண்ணியது. பிறகு இரண்டு டம்ளரிலும் இரண்டு இரண்டு ஸ்பூன் குழாய்த் தண்ணீர், மேலே கொஞ்சம் கோஸ் சாறு.

முதல் டம்ளர் பச்சையாயிற்று.

இரண்டாவதைப் பார்க்க எல்லோரும் தலையை நீட்டியதில் வெளிச்சம் மறைந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க, கலர் பாக்குறது என் தொழில்" என்று பெயிண்டர் டம்ளரை எடுத்து வானத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

"நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

"அப்படின்னா?"

"ஷேடு கார்டு நம்பர். நீலம்மா, நீலம்!"

கை தட்டினார்கள். குழந்தையும் தட்டியது. அதற்குப் பிறகு அவளை யாரும் கவனிக்கவில்லை. டம்ளர் டம்ளராக வாசலுக்கு வந்தது. ஸ்பூன் போதவில்லை, மூடியால் அளந்தார்கள். இரண்டு பெண்கள் ஆறு ஸ்பூனை ஆறாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று பந்தயம் கட்டி, அதையும் செய்து பார்த்தார்கள். அவள் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள், ஏனென்றால் அவளே அதைச் செய்து பார்த்ததில்லை. அஞ்சு மணிக்குக் குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் உடனே உள்ளே போகவில்லை.

கிளம்பும்போது பெயிண்டர் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

"யாருக்குங்க?"

"உங்க மேனேஜருக்கு."

"ஐயோ, வேணாங்க! இன்னும் ஒரு போன் போனா…"

"ரிங் போகுது. நம்பர் எப்படின்னு பாக்குறீங்களா? முன்பக்கத்துல கீழ இருக்கே. நான் முன்பக்கமும் படிப்பேன்."

இரவு அவள் எழுதினாள், அச்சாகாது என்று தெரிந்தே. அதனால் கை இலேசாக ஓடியது.

வியாழன் காலை மேலாளர் அறைக்கு அந்தத் தாளோடு போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

"போன் வந்துது" என்றார்.

"தெரியும் சார்."

"இருபது நிமிஷம் பேசினார். மூணு டப்பா அவரோடதாம். நீங்க எழுதினா, 'ஒரு பெயிண்டர்'னு போடணுமாம். பேர் வேண்டாமாம், தெருல எல்லாருக்கும் தெரியும் யாருன்னு. அப்புறம் கேட்டார், இவ்ளோ நல்ல விஷயத்தை வாரியம் ஏன் இத்தனை நாளா மறைச்சு வச்சிருந்துதுன்னு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நான் இங்க வந்து பதினெட்டு வருஷம். தண்ணி வரலைன்னு போன் வரும். தண்ணி எப்படி இருக்குன்னு ஒருத்தர்கூடப் போன் பண்ணதில்ல. இந்த ஒரு வாரத்துல அறுபத்தி நாலு போன். ராத்திரி எண்ணிப் பாத்தேன். பயந்தாங்கதான். ஆனா, பாத்திருக்காங்க, இல்ல?"

அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார். ஓர் இடத்தில் பேனா நின்றது.

"'கடைசித் தெருவில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வருகிறது.' இது எதுக்கு?"

"அது இல்லாம ஆறு ஸ்பூன் புரியாது சார்."

"எனக்கு மேல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். அதான் பிரச்சினை." யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாம். முன்பக்கத்துல பதினஞ்சாவது வரிசையாப் போட்டுடுங்க. தெரு வாரியா, எத்தனை மணி நேரம்னு. வெறும் நம்பர். முன்பக்கத்தை யார் படிக்கிறா?"

அவள் பெயிண்டரை நினைத்தாள். 'பதினைந்து' என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

"இனிமே அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் பாத்து ஒப்புதல் குடுக்கணும்" என்றார் மேலாளர். "நான் பாத்தா எனக்கு எல்லாமே பயமாத்தான் இருக்கும். வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க சார். இருபத்தஞ்சு நாள் லீவுல போயிருந்தாங்க. வந்துட்டாங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினாள். அச்சகத்துக்கு மூன்று மணிக்குள் கொடுத்தால் போதும். அக்கா நாற்பது சட்டை பாக்கி வைத்திருந்தாள். மிஷின் வாசல் வரை கேட்டது. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று படித்தாள்.

"போன மாதம் உங்களைப் பயமுறுத்தியது தண்ணீர் அல்ல, நான்." மிஷின் தயங்கியது. "டம்ளரில் அரை ஸ்பூன் சோப்புத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஆறு ஸ்பூன் தண்ணீர். மொத்தமாக ஊற்றிக் கொட்டினால், பதின்மூன்றில் ஒரு பங்கு சோப்பு டம்ளரிலேயே தங்கிவிடும். அதே ஆறு ஸ்பூனை இரண்டு இரண்டாக ஊற்றுங்கள். முதல் தடவையில் ஐந்தில் ஒரு பங்கு தங்கும். இரண்டாம் தடவையில் அந்த ஐந்தில் ஒன்றில் ஐந்தில் ஒன்று. மூன்றாம் தடவையில் அதிலும் ஐந்தில் ஒன்று. நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. கடைசித் தெருவில் ஒரு பெயிண்டர் இதை முப்பது வருடமாக மூன்று டப்பாவில் செய்துவருகிறார்."

மிஷின் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. அக்கா காலை மிதியிலிருந்தே எடுத்துவிட்டிருந்தாள்.

"அதே தண்ணியா?"

"அதே தண்ணி."

"பிரிச்சு ஊத்தினதுக்கா இவ்ளோ வித்தியாசம்?"

"ஆமா."

அக்கா எழுந்து உள்ளே போனாள். டம்ளர் சத்தம் கேட்டது. கொஞ்சமாகத் தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது. நின்றது. மறுபடி. திரும்பி வந்து உட்கார்ந்து, நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தாள்.

"அச்சானதும் எனக்கு அஞ்சு காப்பி வேணும்."

"அஞ்சா? எதுக்குக்கா?"

"ஒண்ணு படிக்க. மீதி காலருக்கு. காக்கித் தாள் எல்லாம் என்ன தாள், அதுல மடிப்பு விழுது."

மிஷின் ஓடத் தொடங்கியது.